எச்சத்தைப் பார்க்கத் தெரியாமல் நான் பறிகொடுத்த 156 கோழிகள்

தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி அதிரசச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கொல்லையில் டார்ச் வெளிச்சத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் செத்தது 6 குஞ்சுகள். மறுநாள் 11. அதற்கு மறுநாள் 23. அத்தை வாசலில் நின்று, "நல்ல நாளும் அதுவுமா இன்னாமா இது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் ஊர் வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி பக்கம். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் கம்மவான்பேட்டை கூப்பிடு தூரம்தான். என் வீட்டுக்காரரும் ராணுவத்தில்தான், ஜம்முவில் இருக்கிறார். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், பழைய ஆட்டுக் கொட்டகையைச் சரிசெய்து நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று இறங்கினேன். கம்பி வலை, ஓடு மாற்றியது, தரை பூசியது என்று 35,000 ரூபாய். 30 அடிக்கு 18 அடி கொட்டகை. புரட்டாசி கடைசியில் ஒருநாள் வயதுக் குஞ்சு 400, ஒன்று 40 ரூபாய் வீதம் 16,000 ரூபாய்க்கு இறக்கினேன். பணம் எல்லாம் அவர் அனுப்பியது. கேட்டுக் கற்றுக்கொள்ள ஊரில் பண்ணை வைத்தவர் யாரும் இல்லை. குஞ்சு விற்றவரும் தீவனக் கடைக்காரரும் சொன்னதுதான் எனக்குப் பாடம்.

முதல் தப்பு முதல் நாளே நடந்தது. "குஞ்சு வண்டியில வந்த அலுப்புல இருக்கும், இத அஞ்சு நாள் தண்ணியில கலந்து குடுங்கக்கா" என்று கடையில் ஒரு ஆன்டிபயாடிக் பாட்டில் கொடுத்தார்கள். 600 ரூபாய். குஞ்சுகளுக்கு ஒரு நோவும் இல்லை. ஆனாலும் கொடுத்தேன். பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவது மாதிரி முன்னெச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பு என்று பின்னால் மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்தது. அத்தையின் பெட்டைக்கோழி கூடையடியில் பொரிக்கும் குஞ்சு, தாய் கொத்துவதைக் கொத்தி, தாயின் எச்சம் பட்ட மண்ணைக் கிளறி, தாயின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை இரண்டு மூன்று நாளிலேயே வாங்கிக்கொள்கிறது. மெஷினில் பொரித்த குஞ்சு தாயையே பார்த்ததில்லை. அதன் குடல் ஆள் குடிவராத புது வீடு. யார் முதலில் நுழைகிறார்களோ அவர்கள் இடம் பிடித்துக்கொள்வார்கள். பின்லாந்தில் நூர்மி, ரண்டாலா என்ற இருவர் 1973-லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்களாம், அந்தக் குஞ்சுகளுக்கு சால்மொனெல்லா என்ற கெட்ட கிருமி எளிதில் ஒட்டவில்லையாம். நான் செய்தது அதற்கு நேர் எதிர். குடிவர இருந்த நல்லவர்களையும் 600 ரூபாய் கொடுத்துத் துரத்தியிருக்கிறேன்.

மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். யாராவது கொடுத்தால் பாட்டிலில் உள்ள பெயரைப் படியுங்கள். கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்கும் மாட்டுக்கும் தீவனத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்று 2019-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. மனிதனுக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பது அது. இதெல்லாம் தெரியாமல்தான் நான் பண்ணை நடத்தினேன்.

இரண்டாவது தப்பு சிக்கனத்தில் வந்தது. முதல் இரண்டு வாரம் கம்பெனி ஸ்டார்ட்டர் தீவனம் போட்டேன். மூட்டை 1,900 ரூபாய். 15-ஆம் நாள் கணக்குப் பார்த்து மலைத்துப்போய், பாதிக்குப் பாதி மக்காச்சோளக் குருணை, தவிடு, கடலைப் பிண்ணாக்கு கலந்து நானே தயார் செய்ய ஆரம்பித்தேன். மூட்டைக்கு 500 ரூபாய் மிச்சம் என்று அவரிடம் போனில் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. ஸ்டார்ட்டர் தீவனத்தில் பெரும்பாலும் ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து சிறிய அளவில் சேர்த்திருப்பார்கள். என் மூட்டையில் தைத்திருந்த சீட்டிலும் அது அச்சிட்டிருந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் மூட்டையையே பிரித்தேன். பாதி அளவாகக் குறைத்ததும் தடுப்பும் பாதியானது. அதுவும் குஞ்சுக்கு அந்தத் தடுப்பு அதிகம் தேவைப்படும் மூன்றாவது வாரத்தில்.

அப்புறம் மழை. ஐப்பசி மழை எங்கள் பக்கம் எப்போதாவதுதான் அப்படிக் கொட்டும், அந்த வருடம் கொட்டியது. மேற்குப் பக்கச் சாரல் வலை வழியாக உள்ளே அடித்தது. தரையில் தேங்காய் நார்க்கழிவைக் கூளமாகப் போட்டிருந்தேன். தண்ணீர் டப்பாக்களைத் தரையிலேயே வைத்திருந்ததால் குஞ்சுகள் காலால் தட்டித் தட்டி அதைச் சுற்றி எல்லாம் சொதசொதவென்று ஆகிவிட்டது. இரண்டு நாளில் அது அடை மாதிரி இறுகி, உள்ளே போனால் கண் எரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா பால் வாங்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, கோழியெல்லாம் இப்படி குந்திக்கினு கீது?" என்றார். குளிருக்கு ஒடுங்கியிருக்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு பல்பு போட்டேன்.

இந்த இடத்தில்தான் நான் எச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தேன், ஆனால் என்ன பார்க்கிறோம் என்று தெரியவில்லை. நல்ல எச்சம் பழுப்பாக, கொஞ்சம் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். நடுநடுவே, ஏறக்குறைய எட்டுப் பத்துக்கு ஒன்று, கரும்பழுப்பாக, பசை மாதிரி, நாற்றம் அதிகமாக விழும். அது குடலில் முட்டுச்சந்து போல இருக்கும் குருட்டுக் குடலிலிருந்து வருவது, அதுவும் நல்லதுதான். புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். நானோ பயப்பட வேண்டாததற்கு முதல் வாரத்திலேயே பயந்து முடித்துவிட்டு, பயப்பட வேண்டியதை விட்டுவிட்டேன். தக்காளித் தோல் உரிந்து கிடப்பது போல ஆரஞ்சு நிறத்தில் சளி சளியாக ஒரு எச்சம் 21-ஆம் நாளே விழுந்திருந்தது. அது உரிந்து விழுந்த குடல் தோல். அன்றைக்கே ஓடியிருந்தால் கதை வேறு.

நான் ஓடியது தீவனக் கடைக்கு. "குடல் வீக்கா இருக்குக்கா, இதப் போடுங்க, குடல் பலம் ஆயிடும்" என்று ஒரு பவுடர் கொடுத்தார். கிலோ 850 ரூபாய். மூன்று கிலோ வாங்கினேன், 2,550. பாக்கெட்டில் பிரீபயாடிக் என்று போட்டிருந்தது. எனக்கு அது மருந்து. சீக்கிரம் கேட்கட்டும் என்று தீவனத்தில் போடாமல் தண்ணீரில் கைக்குக் கை கலக்கினேன். அது கரையவே இல்லை. டப்பாவின் அடியில் சேறு மாதிரி படிந்து, துளைகளை அடைத்து, பாதி டப்பாக்களில் தண்ணீர் இறங்கவில்லை. நோய் வந்த குஞ்சுக்குக் குடிக்கத் தண்ணீரையும் நிறுத்திய புண்ணியவதி நான். அப்படியே மூன்று நாள் ஓட்டினேன். 24-ஆம் நாள், தீபாவளிக்கு முதல்நாள், கூளத்தில் புது ரத்தம் கிடந்தது.

பண்டிகை என்பதால் மருத்துவர் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். தரையில் பினாயில் ஊற்றினேன். வீட்டில் இருந்த வைட்டமின் பி டானிக்கைத் தண்ணீரில் கலந்தேன். இரண்டுமே வீண், ஒன்று கெடுதலும்கூட. அதைப் பின்னால் சொல்கிறேன். தீபாவளி அன்று அவர் வீடியோவில் கூப்பிட்டுக் கோழியைக் காட்டச் சொன்னபோது, நன்றாக நிற்கும் மூலையாகப் பார்த்துக் காட்டினேன். போனை வைத்துவிட்டுக் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு நாள் கழித்து 31 செத்தது. மொத்தம் 71. அன்று காலை, அப்போதுதான் செத்த இரண்டையும் சாகக் கிடந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு, வேலூர் போய் அங்கிருந்து மேல்மொணவூரில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துக்குப் போனேன். பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த அம்மா என்ன வாசனை என்று கேட்டுவிடக் கூடாதே என்று வழி முழுவதும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு போனேன்.

அங்கே மருத்துவர் அம்மா என் கண் முன்னால் ஒன்றைக் கீறினார். குருட்டுக் குடல் இரண்டும் ரத்தம் அடைத்து, கறுத்த நாவல்பழக் கலரில் வீங்கி இருந்தன. "ரத்தக்கழிச்சல்மா. எத்தனை நாளா?" என்றார். மூன்று நாளாகப் பவுடர் போட்டதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கையைக் கழுவிவிட்டு உட்கார வைத்துச் சொன்னார். இதைக் கிளப்புவது ஐமீரியா என்ற ஒட்டுண்ணி. எச்சத்தோடு முட்டையாக வெளியே வரும். ஈரமும் கதகதப்பும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். அதைக் கொத்தித் தின்ற குஞ்சின் குடல் சுவருக்குள் புகுந்து, பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் பல மடங்காக வெளியே வரும். பினாயில் அந்த முட்டையை ஒன்றும் செய்யாது. நனைந்த கூளமும், பாதித் தடுப்பு மருந்தும், நெரிசலும் சேர்ந்து அதற்கு விருந்து வைத்துவிட்டது.

பவுடரைக் காட்டினேன். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பிரீபயாடிக் என்பது மருந்தல்ல, உயிருள்ள நுண்ணுயிரும் அல்ல. உயிருள்ளதற்குப் பெயர் புரோபயாடிக். பிரீபயாடிக் என்பது குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களுக்குப் போடும் தீனி. கோழியால் அதைச் செரிக்க முடியாது, அது குருட்டுக் குடல் வரை போய் லாக்டோபேசிலஸ் போன்றவற்றுக்கு உணவாகும். அவை அதைப் புளிக்க வைப்பதில் உண்டாகும் அமிலங்கள் குடல் சுவருக்குத் தெம்பு, கெட்ட கிருமிக்கு ஆகாது. நான் வாங்கியது ஈஸ்டின் மேல்தோலிலிருந்து எடுத்த மன்னன் (mannan) என்ற சர்க்கரை வகை. அது வேறு விதமாகவும் வேலை செய்யும். சால்மொனெல்லா, ஈகோலை போன்றவை குடல் சுவரில் உள்ள அந்தச் சர்க்கரையைப் பிடித்துத்தான் ஒட்டும். பவுடரில் வரும் சர்க்கரையைக் குடல் சுவர் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டால் அப்படியே எச்சத்தோடு வெளியே போய்விடும். கேட்க அழகாக இருந்தது. ஆனால் செல்லுக்குள்ளேயே புகுந்து கிழித்துக்கொண்டிருக்கும் ஐமீரியாவை அது வெளியே இழுக்காது. "வீடு பத்தி எரியும்போது விதை நெல்லு தூவுன மாதிரிமா" என்றார்.

ஆம்புரோலியம் என்ற மருந்தை எழுதிக்கொடுத்தார். அளவும் நாளும் குஞ்சின் வயதையும் நோயையும் பொறுத்தது, என்னைப் பார்த்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: அந்த மருந்து வைட்டமின் பி-1 வேடம் போட்டுத்தான் ஐமீரியாவை ஏமாற்றிப் பட்டினி போடுகிறது. கூடவே நாம் பி-1 டானிக் கொடுத்தால் மருந்தின் வேலை கெடும். நான் டானிக் கலந்த தண்ணீரை அன்றைக்கே கொட்டச் சொன்னார். ரத்தம் உறைய வைட்டமின் கே-யும், குடல் தோல் ஆற வைட்டமின் ஏ-யும் தந்தார். ஈரக் கூளத்தை அன்று மாலையே அள்ளிப் போடச் சொன்னார். ஆள் கிடைக்கவில்லை. அத்தையும் நானும் இரவு 11 மணி வரை அள்ளினோம். 68 வயது அவருக்கு. பையன் டார்ச் பிடித்தான்.

மருந்து கொடுத்ததும் சாவு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மறுநாள் 29, அதற்கடுத்து 19, 10, 5, 3. குடல் கிழிந்த குஞ்சு கிழிந்ததுதான். மொத்தம் 137. அதற்கப்புறம் மெலிந்து மெலிந்து விழுந்தது 19. ஆக 156.

பிழைத்த 244-ம் தேறவில்லை. 12 வாரத்தில் விற்க வேண்டியவற்றை 16 வாரம் வரை இழுத்தும், சராசரி 1.1 கிலோதான். தின்றது சதையாகாமல் எச்சமாகவே போய்க்கொண்டிருந்தது. கிலோ 260 ரூபாய்க்கு மொத்தமாக ஒருவர் எடுத்துக்கொண்டார். வந்தது 70,000-க்குக் கொஞ்சம் குறைவு. குஞ்சு 16,000, தீவனம் 51,300, பவுடர் 2,550, தடுப்பூசி, மருந்து, கரண்ட் எல்லாம் சேர்த்து 6,500. கையிலிருந்து 6,500 ரூபாய்க்கு மேல் போனது. கொட்டகைக்குப் போட்ட 35,000-ஐயும் நாலு மாத உழைப்பையும் இதில் சேர்க்கவில்லை. விற்ற அன்றுதான் அவரிடம் முழுக் கணக்கையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா உனக்கு ராத்திரி தூக்கமாவது வந்திருக்குமே" என்றார். எனக்கு அதற்கும் அழுகை வந்தது.

கொட்டகையை ஒரு மாதம் காலியாக விட்டேன். கூளத்தை அடியோடு அள்ளி, தரையைக் கழுவிக் காயவிட்டு, சிலிண்டரோடு மாட்டும் தீக்குழாயை வாடகைக்கு எடுத்துத் தரை, சுவரடி, மூலை எல்லாம் சுட்டேன். ஐமீரியா முட்டைக்குத் தீயும் அமோனியாவும்தான் பயம். நாட்டுக்கோழி இரண்டாவது முறை 250 மட்டும் இறக்கினேன். மேற்குப் பக்கம் தார்ப்பாய்ப் படுதா. கூளத்தை மூன்று அங்குலம் போட்டு, தினம் காலையில் கிளறினேன். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துவேன். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், கை விரித்ததும் மெதுவாக உதிர்ந்தால் சரி. தண்ணீர் டப்பாக்களைச் செங்கல் மேல் ஏற்றி, குஞ்சு வளர வளர அதன் முதுகு உயரத்துக்கு உயர்த்தினேன். இந்தச் செங்கல்லுக்கு ஆன செலவு பூஜ்யம். 6,500 ரூபாய் இழப்பில் பாதியை இந்தச் செங்கல்லே தடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தப் பவுடரையும் இந்த முறை போட்டேன், ஆனால் முதல் நாளிலிருந்தே, தீவனத்தில், 50 கிலோ மூட்டைக்கு 50 கிராம். இவ்வளவு சிறிய அளவு மூட்டை முழுக்கச் சமமாகக் கலக்க ஒரு வழி இருக்கிறது. 50 கிராமை முதலில் ஒரு கிலோ தீவனத்தோடு கலந்து, அதை ஐந்து கிலோவோடு கலந்து, அப்புறம் மொத்தத்தோடு புரட்ட வேண்டும். நேராகக் கொட்டிப் புரட்டினால் ஒரு கோழிக்கு எல்லாமும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். நல்லதுதானே என்று அளவைக் கூட்டவும் கூடாது. இனுலின் போன்ற பிரீபயாடிக் வகைகள் அதிகமானால் அதுவே எச்சத்தை இளக்கும். இனுலின் வகைச் சர்க்கரை வெங்காயத்திலும் பூண்டிலும் இயற்கையாகவே உண்டு. அத்தை தன் நாலு கோழிக்குச் சின்ன வெங்காயம் அரிந்து போடுவதை நான் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று சிரித்திருக்கிறேன். ஆனால் அத்தையின் கோழிகள் தெருவெல்லாம் மேய்பவை, ஈரக் கூளத்தில் நின்று வளர்பவை அல்ல. அதனால் வெங்காயத்தை நம்பிக் கொட்டகையை மறக்காதீர்கள். பவுடரை நம்பியும் மறக்காதீர்கள்.

உண்மையிலேயே பலன் உண்டா என்று பார்க்க, நடுவில் வலை கட்டி 125, 125 ஆகப் பிரித்து ஒரு பக்கம் மட்டும் பவுடர் போட்டேன். எட்டாவது வாரம் இரண்டு பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு 20 கோழி பிடித்து நிறுத்தேன். பவுடர் பக்கம் சராசரி 40 கிராம் கூடுதல். செத்தது அந்தப் பக்கம் 5, இந்தப் பக்கம் 7. பவுடர் பக்கம்தான் காலை வெயில் விழும் பக்கமும், அதனால் இதை வைத்து நான் சத்தியம் செய்யமாட்டேன். கிலோ தீவனத்துக்கு 85 காசுதான் கூடுதல் என்பதால் தொடர்ந்து போடுகிறேன். ஆனால் முதல் முறை 156, இந்த முறை 12 என்ற வித்தியாசத்தைச் செய்தது பவுடர் அல்ல. பவுடர் போடாத பக்கமும் பிழைத்ததே!

தீவனக் கலவையை இப்போது எட்டு வாரத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறேன். அதுவும் மக்காச்சோளத்தை முகர்ந்து பார்த்து, பூஞ்சை வாடை அடித்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுகிறேன். பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுத்து எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடும், கடலைப் பிண்ணாக்கிலும் அந்த ஆபத்து உண்டு. தீவனச் சீட்டுகளை எல்லாம் கிழிக்காமல் ஒரு ஆணியில் குத்தி வைக்கிறேன்.

காலை ஐந்தரைக்கு எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் கொட்டகைக்குள் போய், குனிந்து எச்சம் பார்ப்பேன். நாலு மூலை, நடுவில் ஒன்று, தண்ணீர் டப்பாவைச் சுற்றி. ஐந்து நிமிட வேலை. சந்தேகமாக எது தெரிந்தாலும் போட்டோ எடுத்து மேல்மொணவூர் மருத்துவர் அம்மாவுக்கு அனுப்பிவிடுவேன். போன வாரம் வீட்டுக்காரர் ஜம்முவிலிருந்து கூப்பிட்டபோது தவறிப்போய் அவருக்கே ஒன்று போய்விட்டது. "சாப்பிட்டுக்கினு இருக்கேன்டி" என்றார். வரும் ஐப்பசிக்கு முன்னால் மேற்குச் சுவரை இரண்டு அடி உயர்த்த வேண்டும், அதற்குத்தான் இப்போது செங்கல் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.